பதினேழாம் எண் காருக்கு மட்டும்

பதினொன்றுக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். இப்போது பதினொன்று ஏழு. குற்றமாகச் சொல்லவில்லை. லாலி ரோடு சிக்னலில் யாராக இருந்தாலும் ஏழு நிமிஷம் போய்விடும். ஆனாலும் பந்தய மன்றத்தின் செயலாளரே தாமதமாக வந்தால், அந்த மன்றத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் அதைக் குறிக்காமல் இருக்க முடியாது. பழக்கதோஷம். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது என் கணவருடையது. உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். கேட்கட்டும், அவருக்குத் தெரியாத கதை இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ட்ராக்கின் முகப்பில் ஒரு கருங்கல் நிறுத்தப் போகிறீர்கள். மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்னால் சாதனை செய்தவர்களின் பெயர்களை அதில் வெட்டப் போகிறீர்கள். தனி ஓட்டம் என்ற வரிக்கு நேராகக் கிருபாகரன் பெயர் வர வேண்டும் என்று உங்கள் குழு விரும்புகிறது. ஆனால் அவருக்கு அன்றைக்குக் குறித்த நேரம் தவறு என்று, குறித்தவர்களில் ஒருவராவது எழுத்தில் கொடுத்தால்தான் அது முடியும். குறித்தவர்கள் மூன்று பேர். டெஸ்மண்ட் அங்கிளும் சண்முகண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவள் நான். நான் கையெழுத்துப் போட்டால் கிருபாகரன். போடாவிட்டால் அந்தச் சென்னைக்காரர். வெள்ளிக்கிழமை கல் வெட்டுகிறவர் வருகிறார். சரிதானே?

இதே கையெழுத்தை உங்களுக்கு முன்னால் இரண்டு செயலாளர்கள் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் காபி உண்டு.

ஏன் மறுத்தேன் என்று சொல்கிறேன். நடுவில் கைப்பேசியைப் பார்க்காமல் கேளுங்கள். முப்பத்தைந்து வருஷம் வகுப்பு எடுத்தவள், மேசைக்கு அடியில் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

எண்பத்தொன்பதாம் வருஷம் நான் கல்லூரியில் கணிதம் கற்பிக்கச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் உட்காரத் தயாராக இருக்கும் கணக்கு டீச்சர் யாராவது உண்டா என்று உங்கள் மன்றத்திலிருந்து வந்து கேட்டார்களாம். துறைத் தலைவி திரும்பி என்னைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. இப்படித்தான் நான் மோட்டார் பந்தயத்துக்குள் நுழைந்தேன். அதுவரை காரில் ஏறினால் எனக்கு வாந்தி வரும்.

நேரம் குறிக்கிற மேடை என்பது நாலு வரிசைச் செங்கல், மேலே ஒரு தகரக் கூரை. மூன்று நாற்காலிகள். நடுவில் டெஸ்மண்ட் அங்கிள், போத்தனூர்க்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலது பக்கம் சண்முகண்ணன், ராஜ வீதியில் கடிகாரக் கடை வைத்திருந்தார். இடது பக்கம் நான். ஆளுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச். எங்களுக்கு நேர் முன்னால், தரையில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் அந்தக் கோடியில் ஓர் இரும்புக் கம்பம். முதல் நாள் அங்கிள் எனக்குச் சொன்னது ஒரே ஒரு பாடம்.

“இத பாரும்மா, கார் வரும், சத்தம் போடும், அழகா இருக்கும். நீ பாக்காதே. கம்பத்தைப் பாரு. கம்பம் மறைஞ்சதா, அமுக்கு. காரைப் பாத்துட்டு அமுக்கினா கார் உன்னையும் இழுத்துட்டுப் போயிடும், விரல் பின்தங்கிப் போகும். முப்பது வருஷம் ரயில்ல கத்துக்கிட்டது.”

அந்த மேடையில் உட்கார்ந்த மூன்று வருஷமும் நான் கம்பத்தைத்தான் பார்த்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

என் கணவர் ஒரு தடவை கேட்டார், அந்தக் கம்பம் என்ன நிறம் என்று. மூன்று வருஷம் பார்த்த கம்பம், சட்டென்று வாயில் வரவில்லை. வெயிலில் வெளுத்துப்போய் ஒரு நிறமும் இல்லாமல் இருந்திருக்கும். உள்ளே சிரிக்கிறார், கேட்கிறதா? விடுங்கள்.

இனி விதி. விதி தெரியாதவருக்கு இந்தக் கதை விளங்காது. மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டும். அதிகத்தையும் குறைவையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல விதி. நான் என் கணவரைத் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய இந்த முறையில்தான். வந்த வரன்களில் ஒருவர் அதிகம் பேசினார், ஒருவர் பேசவே இல்லை. சரி, அது வேறு கதை. ஏதோ காரணத்தால் இரண்டு கடிகாரங்கள்தான் இருக்கின்றன என்றால், இரண்டில் எது தாமதமாகக் காட்டுகிறதோ அதுதான் செல்லும். சந்தேகத்தின் பலன் ஓட்டுகிறவருக்குப் போகக் கூடாது என்பது தத்துவம். இதுவும் நல்ல விதிதான். அன்றைக்கு மட்டும்தான் அது எனக்குப் பிடிக்கவில்லை.

தனி ஓட்டம் என்றால் ஒரே ஒரு கார். நின்ற இடத்திலிருந்து கொடி விழுந்ததும் கிளம்பி, ஒரு சுற்று முடித்துக் கோட்டைத் தாண்ட வேண்டும். கொடி விழும்போது மூன்று பேரும் கொடியைப் பார்த்துக் கடிகாரத்தை ஓடவிடுவோம். முடிவில் கம்பத்தைப் பார்த்து நிறுத்துவோம். ஓடிக்கொண்டே சுற்றுகிற பந்தயம் என்றால் விரல் இரண்டு முனையிலும் தாமதித்து ஒன்றையொன்று கழித்துவிடும். தனி ஓட்டத்தில் கழியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

கிருபாகரன். பீளமேட்டில் பம்ப்செட் வார்ப்படம் செய்கிற குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவர். அப்பா அவரை வார்ப்படப் பட்டறையில் உட்கார வைத்தார். இவர் அங்கேயே ஒரு மூலையில் தன் கையால் ஒரு பந்தயக் காரைக் கட்டினார். எண் பதினேழு. பார்க்க ஒரு சப்பாத்திக் கட்டைக்கு நாலு சக்கரம் வைத்தது போல இருக்கும். முதல் தடவை அதை ட்ராக்கில் இறக்கியபோது சென்னைக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒரு சுற்றுக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்கள்.

அங்கிள் அதிகம் புகழ்கிறவர் இல்லை. அவர் சொன்னார்: “மத்தவங்க எல்லாம் காரை ஓட்டறாங்க. இவன் கார்கிட்ட கேட்டுக் கேட்டுப் போறான்.” அது உண்மை. வளைவில் மற்றவர்கள் வண்டியின் சக்கரங்கள் அலறும். பதினேழு மட்டும் உறுமிக்கொண்டே ஒரே மூச்சில் திரும்பும். நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதெல்லாம் காதால்தான் எனக்குத் தெரியும். மஞ்சள் ஹெல்மெட். இடது பக்கத்தில் அக்கா மகள் ஒட்டிவிட்ட ஒரு வாத்து. கடைசி நேர்ப்பாதையில் வரும்போது கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருப்பார், அனல் தாங்காமல். கோட்டைத் தாண்டும் நேரத்தில் நாக்கின் நுனியைப் பல்லில் கடித்திருப்பார், எழுதப் பழகுகிற குழந்தை மாதிரி. தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் எழும்பி இறங்கும். சைகை என்றும் சொல்ல முடியாது. இரண்டு விரல், அவ்வளவுதான்.

அது யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அங்கிளுக்கான வணக்கமாக இருக்கும் என்று நினைத்து அவரிடமே கேட்டேன். “என்ன விரலு? நான் ஒண்ணும் பாக்கலையேம்மா” என்றார். சண்முகண்ணனைக் கேட்டேன். “அம்மணி, அந்த வேகத்துல கார் இருக்கறதே தெரியறதில்ல, விரலு எங்க தெரியும்?” என்றார். இரண்டு ஆண்களுக்கும் பார்வை மங்கல். ஒருவருக்கு அறுபத்திரண்டு வயது, இன்னொருவர் நாள் முழுக்க லென்ஸில் பார்க்கிறவர். என்ன செய்வது?

கடைசியில் கிருபாவையே கேட்டுவிட்டேன். மேடைக்கு அடியில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“கோட்டைத் தாண்டும்போது ரெண்டு விரலைத் தூக்கறீங்களே, அது யாருக்கு?”

இளநீரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அது தெரியுதுங்களா டீச்சர்?”

“தெரியுதே.”

“ஒவ்வொரு வாட்டியுமா?”

“ஒவ்வொரு வாட்டியும்தான்.”

“அப்பச் செரிங்க” என்றார்.

என்ன சரி என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த மனிதர் காரணம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். என் மனக்குறையே அதுதான்.

மற்ற எல்லாக் கார்களுக்கும் என் கடிகாரம்தான் நடுக் கடிகாரம். பத்துக்கு ஏழு தடவை என் நேரம்தான் மன்றத்தின் நேரம். அங்கிள் கொஞ்சம் முந்துவார், சண்முகண்ணன் கொஞ்சம் பிந்துவார், நான் நடுவில். பதினேழாம் எண் காருக்கு மட்டும் என் கடிகாரம் கடைசி. நாற்பத்தொரு தனி ஓட்டங்கள். நாற்பத்தொன்றிலும் கடைசி. நொடியில் பத்தில் இரண்டு பங்கு, சில நாள் மூன்று பங்கு. நான் புள்ளியியலும் கற்பித்தவள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்பது தற்செயல் ஆகாது. கருவியில் கோளாறு என்றுதான் பொருள்.

சண்முகண்ணனிடம் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டித் திறந்து பார்த்தார். “அம்மணி, இதுல ஒரு தூசி கூட இல்ல.” அடுத்த மாதமும் கொடுத்தேன். அதே பதில். நாலாவது தடவை, “கடிகாரத்துக்கு ஒண்ணுமில்ல, வேற எங்கயாச்சும் காட்டுங்க” என்றார். வேறு கடைக்குக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்து, ஒப்பணக்கார வீதியில் இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் சரி என்றுவிட்டார். புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் பதினேழுக்கு மட்டும் பிந்தியது. இரண்டும் ஒரே சுவிஸ் கம்பெனி. பெயர் சொல்ல வேண்டாம், இன்னும் நடக்கிற கம்பெனி.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தக் கார் கையால் கட்டியது, அதன் எஞ்சினில் ஒரு தனி அதிர்வு இருக்க வேண்டும். அந்த அதிர்வு கடிகாரத்தின் சுருள்கம்பியை ஏதோ செய்கிறது. என் நாற்காலி இடதுபக்கம் என்பதால் கார் என் பக்கம்தான் முதலில் வரும். நல்ல கருதுகோள். சோதித்துப் பார்க்க வேண்டும். கிருபாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போது தெரியவில்லை, வெயில் என்று நினைத்தேன்.

“செஞ்சு பாத்துருவோமுங்க. விஞ்ஞானத்துக்கு நாம குறுக்க நிக்கப்படாது” என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருடைய பட்டறையில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார். நான் பக்கத்தில் இரண்டு கையிலும் இரண்டு கடிகாரத்தோடு நின்றேன்.

“இன்னும் அமுக்கட்டுங்களா டீச்சர்?”

“அமுக்குங்கள்.”

“இன்னுமா?”

“பந்தயத்தில் எவ்வளவோ அவ்வளவு.”

“பக்கத்து வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கை நம்ம கையில இருக்குதுங்க.”

“இன்னும் மூன்று நிமிஷம்தான்.”

அரை மணி நேரம் ஓட்டினோம். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. இரண்டு கடிகாரங்களும் சுவர்க் கடிகாரத்தோடு இம்மியும் பிசகாமல் ஓடின. அதிர்வு காரணம் இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அறிவியலில் அப்படித்தான், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கிருபா காரை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஏதாச்சும் சோதிக்கோணுமுன்னா சொல்லுங். நான் எல்லாச் சனிக்கிழமையும் சும்மாதான் இருக்கறனுங்.” நான் வேண்டாம், சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. அதற்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தனி ஓட்டத்தின் சாதனை அப்போது சென்னைக்காரர் ஒருவரிடம் இருந்தது. ஒரு நிமிஷம் பத்து புள்ளி இரண்டு நொடி. அவருடைய கார் வெளிநாட்டில் செய்தது. நம் சப்பாத்திக் கட்டை அன்று காலையிலேயே நன்றாக ஓடியது. ஊரே மேடைக்குப் பின்னால் வந்து நின்றது. பதினேழின் முறை வருவதற்குச் சரியாக இரண்டு நிமிஷம் முன்னால், தகரக் கூரையில் கூடு கட்டியிருந்த குளவிகளில் ஒன்று இறங்கி வந்து சண்முகண்ணனின் வலது கட்டைவிரலில் கொட்டியது. நேரம் குறிக்கிறவருக்குக் கொட்டக் கூடாத இடம் உடம்பில் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குளவிக்கு அது தெரிந்திருந்தது. விரல் தக்காளியாக வீங்கிவிட்டது. இடது கையால் அமுக்குகிறேன் என்றார். விதி இடம் கொடுக்காது என்று அங்கிள் அவரை இறக்கிவிட்டார்.

மிச்சம் இரண்டு கடிகாரங்கள்.

கொடி விழுந்தது. பதினேழு போயிற்று. அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை, அதாவது கேட்டதில்லை. கோட்டைத் தாண்டியபோது நாக்கு கடிபட்டுக்கொண்டிருந்தது, இரண்டு விரல் எழுந்தது, நான் அமுக்கினேன். அங்கிளின் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் பத்து நொடி, புள்ளிக்குப் பிறகு சுழி. என்னுடையதில் ஒரு நிமிஷம் பத்து புள்ளி மூன்று. அங்கிளின்படி சாதனை. என்னுடையதன்படி இல்லை. இரண்டில் தாமதமானது எதுவோ அதுதான் செல்லும்.

அங்கிள் என் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வத்சலா, நிச்சயமா?” என்று கேட்டார்.

“கடிகாரம் காட்டுவதுதானே அங்கிள்?” என்றேன்.

அவர் எழுதிவிட்டார். சாதனையைவிட ஒரு பங்கு அதிகம். நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தடவை கண் சிமிட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

கூட்டம் கத்தியது. யாரோ ஓர் ஆள் என்னைப் பார்த்து, “டீச்சருக்கு மெட்ராஸ்ல சொந்தமா?” என்று கேட்டான். கிருபா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். வாத்து தலைகீழாகத் தொங்கியது. நான் அவர் கேட்பதற்கு முன்பே விதியை விளக்க ஆரம்பித்தேன். கரிக்கட்டையால் செங்கல்லில் எழுதிக் காட்டினேன். பத்து நிமிஷம் விளக்கியிருப்பேன். முழுவதையும் நின்று கேட்டார்.

“புரிந்ததா?” என்றேன்.

“புரிஞ்சுதுங்க. காலேஜ்ல புள்ளைங்க எல்லாம் தூங்காம கேக்குதுங்களா?”

“நான் விளையாடவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.”

“வருத்தமெல்லாம் குளவி மேலதாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்த ரெண்டு மூணு பாயிண்ட் உங்ககிட்டயே இருக்கட்டுங்க டீச்சர். வேற யாருகிட்டயாச்சும் போயிருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்” என்றார்.

பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கோளாறான கடிகாரத்தின் மேல்கூடக் கோபப்படவில்லையே.

அடுத்த பிப்ரவரி.

இதை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டே கால். பயிற்சி ஓட்டம். கொடி விழுந்தது, மூன்று பேரும் கடிகாரத்தை ஓடவிட்டோம். முதல் வளைவின் உறுமல் கேட்டது. இரண்டாவது கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை முறிந்துவிட்டது என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். அவன் கையால் வார்த்து, அவன் கையால் பொருத்தியது. எல்லோரும் ஓடினார்கள். ஓட்டம் நிறுத்தப்பட்டது என்று அறிவிக்கும்வரை நேரம் குறிக்கிறவர்கள் மேடையை விட்டு இறங்கக் கூடாது. நான் இறங்கவில்லை. என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பத்து ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அங்கிள்தான் என் விரலைப் பிரித்து அதை வாங்கி நிறுத்தினார். அவனுக்கு இருபத்தைந்து வயது.

முடியாத ஓட்டத்துக்கு நேரம் எழுதுகிற கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அளவுகோல் வைத்துப் போட்டேன்.

சாதனை கைநழுவிப் போன வெறியில்தான் ஓட்டினான் என்று ஊரில் சிலர் பேசினார்கள். என் காதிலும் விழட்டும் என்றே பேசினார்கள். அதை நான் ஏற்கவில்லை. பயிற்சி ஓட்டத்தின் நேரம் சாதனைக் கணக்கில் சேராது, அது அவனுக்கு நன்றாகத் தெரியும். சேராத ஓட்டத்தில் ஒருவன் ஏன் விரட்டுவான்? அந்த இரும்புக் கை எப்போது ஓட்டியிருந்தாலும் முறிந்திருக்கும். இதை நான் நோட்டில் பல பக்கம் எழுதிப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் அதே விடைதான் வருகிறது. முப்பத்து மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன்.

ஆக, என் நிலை இதுதான். கடிகாரம் காட்டியதை நான் சொன்னேன். கடிகாரத்தில் கோளாறு என்று நான் நினைக்கலாம், ஆனால் நான்கு தடவை திறந்து பார்த்தும் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்காத ஒன்றில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் முந்தைய இருவரையும் அனுப்பினேன்.

என்ன அது? கோப்பிலிருந்து எடுக்கிறீர்களே. அங்கிளின் தாள்களா? இவை இன்னும் இருக்கின்றனவா? கரையான் அரித்துவிட்டது என்றல்லவா சொன்னார்கள். இரும்பு அலமாரியின் பின்னாலிருந்தா? கொடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

அவருடைய கையெழுத்துதான். மூன்று பத்திகள். முதலில் அவர் நேரம், பிறகு சண்முகண்ணன், கடைசியில் என்னுடையது. எவ்வளவு ஒழுங்கு, பாருங்கள். ரயில்வேக்காரர். இந்த ஓரத்தில் பென்சிலால் ஏதோ சின்னதாக வரைந்திருக்கிறாரே. மீன். அங்கிளுக்கு மீன் என்றால் உயிர். பந்தயம் முடிந்ததும் நேரே உக்கடம் மார்க்கெட்டுக்குத்தான் போவார். கார் வராத நேரத்தில் உட்கார்ந்து மீன் வரைந்திருக்கிறார், பாவம்.

இந்தத் தாளிலும் இருக்கிறது. இதிலும்.

ஒரு நிமிஷம்.

நாலாம் எண் காருக்கு மீன் இல்லை. பன்னிரண்டுக்கு இல்லை. சென்னைக்காரருக்கு இல்லை. பதினேழுக்கு இருக்கிறது. அடுத்த தாள், பதினேழு, இருக்கிறது. எல்லாம் மூன்றாவது பத்தியில், என் நேரத்துக்குப் பக்கத்தில்.

செயலாளர் சார், உங்களுக்கு இது என்னவென்று தெரியும், இல்லையா? நான் இங்கே உட்கார்ந்து வாத்து, நாக்கு, இரண்டு விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தலையைக் குனிந்துகொண்டீர்களே, அது கைப்பேசிக்காக இல்லை.

மீனுக்கு இமைமுடி இருக்காது. இது கண்.

நாற்பத்தொன்று. எண்ண வேண்டியதில்லை, நாற்பத்தொன்றுதான் இருக்கும். டிசம்பர் தாளில் மட்டும் அழித்திருக்கிறார். பாருங்கள், ரப்பர் தேய்த்த தடம். அது இருந்தால் என் நேரத்தைத் தள்ளிவிட்டுத் தன் நேரத்தை எழுத வேண்டி வந்திருக்கும். ஏன் தள்ளினாய் என்று ஊர் முன்னால் கேட்பார்கள். கல்யாணம் ஆகாத பெண், கல்லூரியில் டீச்சர். அந்தக் கிழவர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு ரப்பரை எடுத்துவிட்டார். “நிச்சயமா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார்.

சண்முகண்ணனும் சொல்லியிருக்கிறார், வேறு எங்காவது காட்டுங்கள் என்று. அவன் இளநீரைப் பிடித்துக்கொண்டு சொன்னான், அப்பச் செரிங்க என்று. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இருக்கிற எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள், கடைசியில் மிஞ்சிய ஒன்றைப் பார்க்காமல் நோட்டை மூடிவிட்டேன். என் மாணவி யாராவது இப்படி ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

நான் கம்பத்தைப் பார்க்கவில்லை, சார். மற்றவர்களுக்கெல்லாம் பார்த்தேன்.

அந்தப் படிவத்தை இப்படிக் கொடுங்கள். உங்களைக் காபியோடு அனுப்பப் போவதில்லை. நீங்களே தட்டச்சு செய்து கொண்டு வந்துவிட்டீர்களா? ‘காரணம்: கருவிக் கோளாறு.’ நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் இதை அடிக்கிறேன். அந்தக் கடிகாரத்தில் ஒரு தூசி கூடக் கிடையாது. பழி சொல்ல முடியாத ஒரு பொருளின் மேல் இத்தனை வருஷம் பழி போட்டேன். கல்லிலும் அதைப் போட முடியாது. என் நேரத்தை நானே தள்ளுகிறேன். மிச்சம் அங்கிளின் நேரம் ஒன்றுதான். ஒரு நிமிஷம் பத்து நொடி, சுழி. சாதனை. பெயர் கிருபாகரன், கார் எண் பதினேழு, தேதி எழுதியாயிற்று. கீழே கையெழுத்து, இதோ.

காரணம் மட்டும் பாக்கி. அதற்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறீர்கள். அது எப்படிப் போதும்?

ஏங்க, செய்தித்தாளை வைத்துவிட்டுக் கொஞ்சம் வாருங்கள். மேசை இழுப்பறையில் கோடு போட்ட முழுத்தாள் இருக்கிறது. நாலைந்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.